மூன்றடித் தொட்டிக்குக் கனிஸ்ரரா, ஸ்பொஞ்சா?

மூன்றடித்தொட்டி (கிளிநொச்சி)

வணக்கம். அக்கா கொழும்புக்குக் குடிபோகும்போது தன் கண்ணாடித் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். நீளம் 3 அடி, அகலம் 1 அடி, உயரம் ஒன்றரை அடி. கணக்குப்படி 127 லீற்றர் வருகிறது. விளிம்புவரை நிரப்பப் போவதில்லை, 110 என்று வையுங்கள். கிணற்றுத் தண்ணீர்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மொலி பத்து, கப்பி கொஞ்சம், இரண்டு தங்கமீன் விட ஆசை. நானும் மனைவியும் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவோம். வீட்டில் அம்மா மட்டும்.

கடையில் கனிஸ்ரர் வடிகட்டிதான் வேண்டும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணை, தொட்டிக்குள்ளேயே வைத்துக் காற்றுப் பம்பியின் குமிழியால் ஓட்டும் ஸ்பொஞ்ச் வடிகட்டி போதும் என்கிறார். இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

நீர்க்காகம் (வவுனியா)

கடைக்காரரை நம்புங்கள். தங்கமீன் தின்பதற்கும் கழிப்பதற்கும் அளவே கிடையாது. அதற்கு ஸ்பொஞ்ச் காணாது. கனிஸ்ரர் என்பது தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் நிற்கும் மூடிய வாளி. தண்ணீர் குழாயால் இறங்கி, கரடான பஞ்சு, மென்பஞ்சு, பீங்கான் வளையம் என்று தட்டுத் தட்டாகக் கடந்து மேலே போகும். கழிவை உடைக்கும் பக்டீரியா குடியிருக்க அவ்வளவு இடம் ஸ்பொஞ்சில் கிடைக்காது.

மணிக்குத் தொட்டித் தண்ணீரைப் போல நான்கைந்து மடங்கு ஓட வேண்டும். உங்களுக்கு 500 லீற்றர். ஆனால் பெட்டியில் 800 என்று போட்டிருப்பதை எடுங்கள். தண்ணீரை மேலேற்றும் உயரத்திலும் பஞ்சில் சேரும் அடைப்பிலும் வேகத்தில் ஒரு பங்கு போய்விடும். என்னுடையது ஆறு வருடமாக ஓடுகிறது. தொட்டிக்குள் கறுப்புக் குற்றி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிற அவலட்சணமும் இல்லை.

குளக்கட்டு (மல்லாவி)

ஆறு வருடமா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் ஓடியதா?

நானும் கனிஸ்ரர் வைத்திருந்தவன். ஒருநாள் காலையில் நின்ற மின்சாரம் பொழுதுபட்டுத்தான் வந்தது. வடிகட்டி தானாக ஓடத் தொடங்கியது, நானும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுவதும் கூழ்முட்டை நாற்றம். போய்ப் பார்த்தால் குழாய் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் புகைபோல ஒன்று தொட்டிக்குள் பரவுகிறது. மொலிகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. விடிய எழும்பி எண்ணினேன், பதினொன்று.

காரணம் இலேசானது. அந்தப் பக்டீரியாவுக்கும் ஒட்சிசன் வேண்டும். மூடிய வாளிக்குள் தண்ணீர் ஓடாவிட்டால் சில மணி நேரத்தில் ஒட்சிசன் தீர்ந்து அவை செத்து அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் அப்படியே தொட்டிக்குள் கொட்டும். ஸ்பொஞ்ச் திறந்த தண்ணீருக்குள்ளேயே கிடப்பது. காற்று நின்றாலும் அவ்வளவு விரைவில் மூச்சடைக்காது. பிறகு குமிழி வந்தால் வேலை தொடரும். கனிஸ்ரர் 15, 20 வாற் இழுக்கும். காற்றுப் பம்பிக்கு நாலைந்து வாற் காணும். சிறிய பற்றரியிலும் ஓட்டலாம்.

நீர்க்காகம்

மீன் செத்ததற்கு வருந்துகிறேன். ஆனால் சோறு குழைந்ததற்குப் பானையைக் குறை சொல்லக் கூடாது. நீண்ட நேரம் நின்ற கனிஸ்ரரை அப்படியே ஓட விட்டது உங்கள் தவறு. நான் 2022இல் மூடியைத் திறந்து தட்டுகளைத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவைத்தேன். வாளியில் நின்ற தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன். ஒரு மீனும் சாகவில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறையில் குரங்கு ஒன்று உபமின்நிலையத்துக்குள் ஏறி நாட்டையே இருட்டாக்கியதே, அன்றும் அதையேதான் செய்தேன்.

குளக்கட்டு

குரங்கு ஏறியது ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். அது செவ்வாய்க்கிழமை ஏறியிருந்தால்? கேட்டவர் வீட்டில் அம்மா மட்டும் என்று எழுதியிருக்கிறார். அலுமாரிக்குள் குனிந்து குழாய் கழற்ற அம்மாவையா விடப்போகிறீர்கள்?

ஓமந்தை ரீச்சர்

தம்பிமார் இருவரும் மின்சாரத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை.

மீன் கழிக்கும் அமோனியாவை ஒருவகைப் பக்டீரியா நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் நஞ்சு. அமோனியாவின் நஞ்சு தண்ணீரின் காரத்தைப் பொறுத்துக் கூடும். 25 பாகை வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அதில் ஏறத்தாழ 0.5 வீதம்தான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 என்றால் 5 வீதம். பத்து மடங்கு. கேத்திலில் படை கட்டுகிற நம் கிணறுகளில் பல காரப் பக்கமானவை. ஆகவே எந்த வடிகட்டியை வாங்கினாலும் அதில் பக்டீரியா பிடிக்க நான்கு முதல் ஆறு கிழமை பொறுக்க வேண்டும். வாங்கிய அன்றே மீனை நிறைத்தால் இரண்டும் கைவிடும்.

பக்கத்து வீட்டு அண்ணையின் தொட்டியில் ஸ்பொஞ்ச் ஓடுகிறதல்லவா? புதியதை ஒரு மாதம் அதற்குள் போட்டுவைக்கக் கேளுங்கள், காத்திருப்பு பெருமளவு குறையும்.

மொலிக்கும் கப்பிக்கும் கடினத் தண்ணீர் பிடிக்கும். தங்கமீனை விட்டுவிடுங்கள்; அது சாண் நீளத்துக்கு மேல் வளரும், உங்கள் தொட்டி காணாது.

இன்னொன்று. வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரீன் போடுவார். அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீரில் ஸ்பொஞ்சைக் கழுவினால் வளர்த்த பக்டீரியா அத்தனையும் போய்விடும். எப்போதும் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதற்குள் பிழிந்தெடுங்கள். நீர்க்காகம் தம்பி, உங்கள் கனிஸ்ரரின் விசிறியில் சுண்ணாம்பு பிடிப்பதில்லையா?

நீர்க்காகம்

பிடிக்கும் ரீச்சர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி வினாகிரியில் ஊறவைக்கிறேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

தங்கமீன் இல்லையென்றால் இரண்டு ஸ்பொஞ்ச் போதும்தான். ஆனால் தண்ணீர் பளிங்குபோல இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நுண்தூசு மிதந்துகொண்டே இருக்கும். இரவில் விளக்கைப் போடும்போது என் பெயரை நினைப்பீர்கள்.

மூன்றடித்தொட்டி

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். இரண்டு ஸ்பொஞ்ச், இரண்டு வாய் வைத்த ஒரு பம்பி. தங்கமீன் இல்லை. ஸ்பொஞ்ச் இரண்டும் ஒரு மாதம் அண்ணையின் தொட்டியில் கிடந்து மண்ணிறமாகி வந்தன. போன கிழமை மொலி ஆறு விட்டேன், ஆறும் உயிரோடு இருக்கின்றன. நீர்க்காகம் சொன்ன தூசும் இருக்கிறது.

இப்போது வேறு இரண்டு கரைச்சல். பம்பியை மரத்தட்டில் வைத்திருக்கிறேன். தகர டப்பாவுக்குள் வண்டு அகப்பட்டதுபோல இரவெல்லாம் இரைகிறது, அம்மாவுக்கு நித்திரை இல்லை. அது போதாதென்று நேற்று மின்சாரம் நின்றபோது காற்றுக் குழாயால் தண்ணீர் திரும்பி வந்து பம்பிக்குள் இறங்கிவிட்டது. துடைத்துக் காயவைத்திருக்கிறேன்.

குளக்கட்டு

தட்டு தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, அதுதான். நன்றாகக் காய்ந்த பிறகு, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே சுவரில் ஆணி அடித்துப் பம்பியைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். மரத்தில் முட்டாவிட்டால் அதிர்வு அடங்கும், தண்ணீரும் மேலேறி வராது. இரண்டு குழாயிலும் ஒவ்வொரு ஒருவழி வால்வும் மாட்டுங்கள், ஊதிப் பார்த்து அம்புக்குறி தொட்டிப் பக்கம் இருக்கும்படி.

மூன்றடித்தொட்டி

சுவாமிப் படத்துக்கு அடித்த பழைய ஆணி ஒன்று சரியான உயரத்தில் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டு மாட்டுகிறேன்.