பேட்டில்ஸ்டார் கலாக்டிகா கடைசி எபிசோட்: சரிவராத மூன்று இடங்கள்

மறுபார்வை எழுதியது:

(கதை முழுவதும் உடைபடும். இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

சைலான் என்ற எந்திர இனத்திடமிருந்து தப்பிய கடைசி மனிதர்கள் பூமியைத் தேடி அலையும் கதை, 2009 மார்ச் 20 அன்று முடிந்த தொடர். இன்றைக்கும் அதன் கடைசி எபிசோடான 'டேபிரேக்' பெயரை எடுத்தாலே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். வரிசையாகப் பார்த்து முடித்த பிறகு எனக்கு மூன்று இடங்கள் சரிவரவில்லை.

ஒன்று, விமானி காரா த்ரேஸ். இறந்தாள், திரும்பி வந்தாள், தன் பிணத்தைத் தானே கண்டெடுத்து எரித்தாள். கடைசியில் புல்வெளியில் சக விமானி லீ பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகிறாள். அவள் யார் என்பதற்கு ஒரு வரிகூட விளக்கம் இல்லை.

இரண்டு, 38,000 சொச்சம் பேர் தங்கள் கப்பல்களையெல்லாம் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, 1,50,000 ஆண்டுகளுக்கு முந்தைய நம் பூமியின் காட்டில் இறங்குகிறார்கள். எதிர்த்து ஒருவர்கூடவா வாய் திறக்கவில்லை?

மூன்று, மனிதத் தந்தைக்கும் சைலான் தாய்க்கும் பிறந்த குழந்தை ஹீராதான் 'மைட்டோகாண்ட்ரிய ஏவாள்' என்றால் மற்ற அத்தனை பேரும் வாரிசில்லாமல் அழிந்துபோனார்கள் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் நான்கு சீசன் பட்ட பாடு எதற்கு?

டிஸ்க்கில் நீளமான வடிவம் ஒன்று இருக்கிறதாமே, அதில் விடை உண்டா? மறுபடி பார்ப்பதென்றால் எந்த எபிசோடுகள் போதும்?

---

கொடிவழி எழுதியது:

மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். பல ரசிகர்கள் மனம் நொந்துபோனது இந்த இடத்தில்தான், ஆனால் அவர்கள் நினைத்தது நடக்கவே இல்லை.

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்கென்று தனி டிஎன்ஏ இருக்கிறது. 16,569 கார இணைகள், 37 மரபணுக்கள், அவ்வளவுதான். அது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும். உங்கள் தாய், அவருடைய தாய், அவருடைய தாய் என்று ஒரே கோட்டில் பின்னோக்கிப் போனால் இன்று உயிரோடிருக்கும் எல்லோருடைய கோடும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேரும். ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் 1987இல் 'நேச்சர்' இதழில் அந்தப் பெண்ணின் காலத்தை ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தார்கள். தொடரில் வரும் 1,50,000 ஆண்டு இந்தக் கணக்கை ஒட்டியதுதான்.

இப்போது கப்பலிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு மூன்று மகன்கள், மகள் இல்லை. அந்த மூவருக்கும் சேர்த்து இருபது பிள்ளைகள். அவளுடைய மைட்டோகாண்ட்ரியா மகன்களோடு நின்றுவிடும், ஆனால் அவள் ரத்தம் இருபது பேரிடமும் ஓடும். லீக்கு எத்தனை பிள்ளை பிறந்தாலும் இந்தக் கணக்கில் லீ வரவே மாட்டார், ஏனென்றால் ஆண். ஹீராவின் அப்பா ஹீலோவுக்கும் அதே கதிதான். ஆகவே ஹீரா ஏவாள் என்பதற்கு 'அவளுடைய தாய்வழி மட்டும் அறுபடவில்லை' என்று மட்டுமே பொருள். மற்றவர்களுடைய சந்ததி இன்றும் இருக்க எந்தத் தடையும் இல்லை.

ஆனால் ரசிகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தவறாகப் புரியும்படி எழுதியது தொடரேதான். நியூயார்க்கில் நடக்கும் கடைசிக் காட்சியில் பத்திரிகைச் செய்தியைப் படிக்கும்போது, இன்று வாழும் மனிதர் எல்லோருக்கும் மிகச் சமீபத்திய பொது மூதாதை என்று ஏவாளை வர்ணிக்கிறார்கள். தாய்வழியில் மட்டும் என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். எல்லா வழியிலும் சேர்த்துப் பார்த்தால் பொது மூதாதை மிக மிகப் பிந்தியவர். ரோட், ஓல்சன், சாங் மூவரும் 2004இல் வெளியிட்ட கணினி மாதிரியில் சில ஆயிரம் ஆண்டுகள்தான் வந்தது. அதே செய்தியில் ஓர் இளம்பெண்ணின் புதைபடிவம் கிடைத்தது, அவளே ஏவாளாக இருக்கலாம் என்றும் வருகிறது. ஓர் எலும்புக்கூட்டை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. அதிலிருந்து டிஎன்ஏ எடுத்தாலும்கூட, அவளுக்கும் அவளுடைய தாய்க்கும் உடன்பிறந்தவளுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றுபோலவே இருக்கும். இந்தக் கதையிலோ சிக்கல் இன்னும் பெரிது. ஹீராவின் தாய் அதீனா ஒரு எயிட், அதாவது மனித உருச் சைலான்களில் எட்டாம் மாடல். எயிட் மாடல் அத்தனை பேரும் ஒரே வார்ப்பு. வேறு எயிட்களும் பூமியில் தங்கினார்கள். அவர்களில் ஒருத்திக்கு மகள் பிறந்து அந்த வழி தொடர்ந்திருந்தால் ஹீராவை ஏவாள் என்று பிரித்தெடுக்க வழியே இல்லை. ('இளம்பெண்' என்ற சொல்லைக் கவனித்தவர்களுக்கு இன்னொரு வருத்தம்: ஹீரா நெடுநாள் வாழவில்லை.)

என் கணக்கில் முடிவின் உண்மையான ஓட்டை வேறு. ஹீராவின் மைட்டோகாண்ட்ரியா அதீனாவிடமிருந்து வந்தது. அப்படியென்றால் நம் ஒவ்வொருவர் செல்லிலும் இருப்பது சைலானுடையது. எண்ணமாக இது அபாரம், மனிதன் சைலான் என்ற பகையே அதில் கரைந்துவிடுகிறது. ஆனால் நம்முடைய மைட்டோகாண்ட்ரியா நியாண்டர்தாலோடும் சிம்பன்சியோடும் ஒரே மரத்தில் கிளைத்தது. நியாண்டர்தால் எலும்பிலிருந்து அதை 1997இலேயே படித்துவிட்டார்கள். வேறு நட்சத்திரத்திலிருந்து வந்தவளின் மைட்டோகாண்ட்ரியா இந்த மரத்தில் இவ்வளவு கச்சிதமாக உட்காராது. பூமியின் பழங்குடியினருடைய டிஎன்ஏ நம்முடையதோடு ஒத்துப்போகிறது, இது தெய்வச் செயல் என்று விஞ்ஞானி பால்டரை ஒரு வரி பேசவைத்துத் தாண்டிவிட்டார்கள். காராவுக்கு அந்தப் பதில் போதும். உயிரியலை ஆதாரமாக வைத்துக் கதையை முடிக்கும்போது போதாது.

---

நள்ளிரவு ரோந்து எழுதியது:

காராவைப் பத்தி நான் சொல்றேன். 'கடைசியில திடீர்னு கடவுளைக் கொண்டுவந்து முடிச்சுட்டாங்க'ன்னு சொல்றவங்க முதல் சீசனை மறந்துட்டாங்க. 'தி ஹேண்ட் ஆஃப் காட்' எபிசோட்ல சைலான் எரிபொருள் ஆலையில எங்கே குண்டு போடணும்னு பால்டர்கிட்ட கேக்கறாங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது, படத்துல சும்மா ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டறாரு. சரியா அங்கேதான் வெடிக்குது. அதுக்கு அந்த சீசன்லயோ அப்புறமோ வேற விளக்கமே தரல. '33'ல அவர் மனசு திருந்தின நேரமும் ஒலிம்பிக் கேரியர் கப்பலைச் சுடச் சொல்லி ஜனாதிபதி ரோஸ்லின் உத்தரவு போட்ட நேரமும் ஒண்ணா வருது. ஆக, கடவுள் இந்தத் தொடர்ல கடைசி நாள் வந்த விருந்தாளி இல்ல.

'மெயில்ஸ்ட்ராம்' மறுபடி பாருங்க. காராவை அவ அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறது லியோபென்ங்கிற சைலான் மாதிரியே இருக்கும். 'நீ லியோபென் இல்ல'ன்னு அவ சொன்னதும், 'நான்னு எப்பச் சொன்னேன்'ங்கிற மாதிரி பதில் வரும். பால்டர் கண்ணுக்கு மட்டும் தெரியற சிக்ஸ் (ஆறாம் மாடல் சைலான்) மாதிரியே இதுவும் ஒரு தூது. செத்த பிறகு காராவும் அதே மாதிரி ஒண்ணு, ஆனா எல்லார் கண்ணுக்கும் தெரியற ஒண்ணு. இதுக்கு மேல தொடர் சொல்லல, வேணும்னே சொல்லல.

கோபம் எங்கேயிருந்து வந்துச்சுன்னா 'நோ எக்சிட்'ல. ஏழாம் மாடல் சைலான் டேனியல், அவனைச் சைலான் தலைவன் கேவில் அழிச்சுட்டான், ஓவியன் மனசுக்காரன்னு ஒரு பேச்சு வரும். உடனே 'காராவோட அப்பா டேனியல்தான்'னு ரசிகர்கள் கணக்குப் போட்டாங்க, அப்பா பியானோக்காரர் வேற. தொடரை உருவாக்கின ரொனால்ட் மூர் தன்னோட பாட்காஸ்ட்லயே அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிட்டாரு. ஆனா பிடிச்சுக்க ஏதாவது கிடைக்காதான்னு தேடறவங்க முன்னாடி அப்படி ஒரு கயித்தைத் தொங்கவிட்டது எழுத்தாளர்கள் தப்பு.

நல்லாக் கூடி வந்த இடம் பாட்டு. 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ'ல ஹீரா கிரேயான்ல வெறும் புள்ளிதான் வரைஞ்சிருப்பா. அதைப் பியானோவுல சுரமா வாசிச்சா, சின்ன வயசுல காராவுக்கு அப்பா சொல்லிக்குடுத்த மெட்டு, ஃபைனல் ஃபைவ்ங்கிற கடைசி அஞ்சு சைலான்கள் காதுல கேட்ட அதே 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'. 'டேபிரேக்'ல கப்பல் நொறுங்கற நேரத்துல காரா அந்தச் சுரங்களுக்கு எண் குடுத்து, கப்பலை இடம் தாவவைக்கற கணினியில அடிக்கறா, வந்து சேர்றது நம்ம பூமி. புள்ளி, சுரம், எண், இடம். நாலு படியும் கண் முன்னாடி நடக்குது.

கூடி வராத இடம் ஆபரா ஹவுஸ்ங்கிற கனவு அரங்கம். முதல் சீசன் முடிவுல தொடங்கின கனவு, அப்புறம் ரோஸ்லின், அதீனா, சிக்ஸ் மூணு பேருக்கும் ஒண்ணா வந்த கனவு. கடைசியில பால்டரும் கேப்ரிகா சிக்ஸும் ஹீராவைத் தூக்கிட்டு ஒரு தாழ்வாரம் நடந்து கட்டுப்பாட்டு அறைக்குள்ள நுழையறாங்க. மேல் தளத்துல ஃபைனல் ஃபைவ் நிக்கறாங்க, காட்சி அப்படியே பொருந்துது. பொருந்தினது சரி, ஆனா அடுத்த நிமிஷமே கேவில் குழந்தையைப் பிடிச்சு வெச்சுக்கறான். மூணு சீசன் காக்கவெச்ச கனவு எதைத் தடுத்துச்சு? இதுக்கு எனக்குப் பதில் கிடைக்கல.

---

டைலியம் எழுதியது:

கப்பல்களை விட்டது முட்டாள்தனம் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் அந்தக் கப்பல்கள் எந்த நிலையில் இருந்தன என்று பார்ப்பதில்லை. போர்க்கப்பல் கலாக்டிகாவின் உடல் முழுக்க விரிசல். கடைசித் தாவலில் முதுகெலும்பே முறிந்துவிட்டது, இனி ஒரு தாவல்கூடத் தாங்காது. மற்ற கப்பல்கள் ஓட டைலியம் என்ற எரிபொருள் வேண்டும், அதைத் தோண்டவும் சுத்திகரிக்கவும் ஆலைக் கப்பல் வேண்டும். சாப்பாடோ மூன்றாம் சீசனில் அள்ளிவந்த பாசி.

இன்னொன்று, இரண்டாம் சீசன் முடிவில் குடியேறிய நியூ கேப்ரிகா கோள். அங்கே ஊர் கட்டி ஓராண்டு நிம்மதியாக இருந்தார்கள். கிளவுட் நைன் கப்பலில் வெடித்த அணுகுண்டின் கதிர்வீச்சு ஓர் ஒளியாண்டு தூரம் பரவிச் சைலான்களின் கண்ணில் பட்டதால் மாட்டிக்கொண்டார்கள். ஒரே இடத்தில் நகரம், மேலே கப்பல் என்றால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் இவர்கள். கேவிலின் கூட்டம் ஒழிந்தாலும், விடுதலை பெற்ற சென்ச்சூரியன் எந்திர வீரர்கள் ஒரு பேஸ்ஸ்டார் போர்க்கப்பலோடு எங்கோ இருக்கிறார்கள். சிறு சிறு கூட்டமாகக் கண்டங்களுக்குப் பிரிந்து போனதற்கு இந்தக் காரணமே போதும். முழு வெறுங்கையும் இல்லை, பொருள்களைப் பங்கிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

ஆனால் இதில் ஒன்றைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. லீ யோசனை சொல்கிறார். எல்லோரும் இவ்வளவு எளிதில் ஒத்துக்கொண்டார்களே என்று வழக்கறிஞர் ரோமோ லாம்ப்கின் வியக்கிறார், புதிதாகத் தொடங்கும் ஆசையைக் குறைத்து எடைபோடாதீர்கள் என்று தளபதி அடாமா பதில் சொல்கிறார். முடிந்தது. தண்ணீர்ப் பங்கீட்டுக்கும் கருக்கலைப்புச் சட்டத்துக்கும் தொழிற்சங்க வேலைநிறுத்தத்துக்கும் எபிசோட் எபிசோடாக வாதாடிய தொடர் இது. கப்பலின் தலைமை மெக்கானிக் டைரலே அந்த வேலைநிறுத்தத்தை நடத்தியவர். மனித இனத்தின் மிகப் பெரிய முடிவுக்கு ஒரு கூட்டம், ஒரு வாக்கெடுப்பு, எதிர்த்து ஒரு குரல் கிடையாதா? மருந்தும் அறுவை மேசையும் இல்லாமல் பிரசவம் எப்படி என்று டாக்டர் காட்டல் ஒரு வார்த்தை சீறியிருந்தால் காட்சி நிமிர்ந்திருக்கும்.

லீ சொல்லும் காரணமும் நிற்கவில்லை. நம்மிடம் உள்ள நல்லதை மட்டும் இந்த மக்களுக்குக் கொடுப்போம் என்கிறார். விவசாயம் தோன்றியது ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், எழுத்து ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன். இடையில் 1,38,000 ஆண்டுக்கு அவர்கள் கொடுத்த எதுவும் ஒட்டவில்லை என்றாகிறது.

---

மறுபார்வை எழுதியது:

கொடிவழி, மகன்கள் கணக்கு தெளிவாகிவிட்டது, நன்றி. இன்னொரு சந்தேகம்: முதலில் கண்டுபிடித்த கருகிய பூமி ஒன்று, கடைசியில் வந்த நம் பூமி ஒன்று என்று 'இரண்டு பூமி' காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா? பார்க்கும் வரிசையையும் யாராவது சொல்லுங்கள்.

---

பெகாசஸ் பார்வையாளர் எழுதியது:

பாதி ஏமாற்று, பாதி இல்லை. மூன்றாம் சீசன் கடைசியில், 'கிராஸ்ரோட்ஸ்' இரண்டாம் பாகத்தின் இறுதிக் காட்சியில் வட அமெரிக்கா தெளிவாகத் தெரியும். அது நம் பூமி. 'ரெவலேஷன்ஸ்'ல் அவர்கள் போய்ச் சேரும் கருகிய கோளில் கண்டங்களின் வடிவத்தைக் காட்டாமல் மறைத்திருப்பார்கள். அதுவரை நேர்மையான ஆட்டம். இடிப்பது வானம். அதீனா என்ற தெய்வத்தின் கல்லறையில் (ஹீராவின் தாய் அல்ல) கண்ட விண்மீன் கூட்டங்களோடு அந்தக் கருகிய கோளின் வானம் பொருந்துகிறது என்று கலாக்டிகாவின் அதிகாரி கேய்ட்டா சொல்கிறார். ஆனால் கல்லறையில் கண்டவை நம் ராசி மண்டலங்கள். பல பத்து ஒளியாண்டு தள்ளி நின்றாலே அந்த உருவங்கள் குலையத் தொடங்கும். அதோடு காலமும் 1,50,000 ஆண்டுகளுக்கு முன். நட்சத்திரங்கள் நகர்வதால் நம் பூமியிலிருந்து பார்த்தாலும் அன்றைய சப்தரிஷி மண்டலம் இன்றைய வடிவில் இருந்திருக்காது. இதைச் சரிக்கட்ட வழியில்லை.

வரிசை: 2003 மினிசீரிஸில் தொடங்குங்கள். பட்டியல்களில் அது தனித் தலைப்பாக இருக்கும். அதைத் தவறவிட்டு '33'இல் ஆரம்பிப்பவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. 'ரேசர்' கதை இரண்டாம் சீசன் காலத்தைச் சேர்ந்தது, ஆனாலும் அங்கே செருகாதீர்கள். மனித இனத்தை முடிவுக்கு இட்டுச்செல்பவள் காரா என்று பழைய ஹைப்ரிட் (பாதி மனித, பாதி எந்திர உயிர்) எச்சரிக்கும் காட்சி அதில் இருக்கிறது, நான்காம் சீசனுக்கு முன் பார்த்தால்தான் அதற்கு எடை. 'தி ஃபேஸ் ஆஃப் தி எனிமி' பத்துக் குறும்பகுதிகள். அவற்றை 'தி ஓத்' தொடங்குமுன் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேய்ட்டா கலகத்தில் இறங்குவது திடீர்த் திருப்பமாகத் தெரியும். 'தி பிளான்' எல்லாம் முடிந்த பிறகு மட்டும், ஏனென்றால் ஃபைனல் ஃபைவ் யார் என்று போட்டு உடைத்துவிடும்.

நீள வடிவம் மூன்று பாகங்களையும் கூடுதல் காட்சிகளோடு ஒரே படமாக இணைத்தது, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். காராவுக்கு விடை அதிலும் இல்லை. ஆனால் தாய்க்கோள் கேப்ரிகாவின் நினைவுக் காட்சிகள் இடைவேளையின்றி ஓடும்போது கூடுதலாக ஒட்டுகின்றன. கதை முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று திணறிய மூர், கடைசியில் பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதினார். அதை மனதில் வைத்துப் பார்த்தால் லீ வீட்டுக்குள் புறாவை விரட்டும் காட்சி ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும்.

ஒன்றை மட்டும் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஃபைனல் ஃபைவில் ஒருவரான ஆண்டர்ஸ் கப்பல்களைச் சூரியனை நோக்கிச் செலுத்தும்போது, 1978 தொடருக்கு ஸ்டு ஃபிலிப்ஸ் போட்ட பழைய கருப்பொருள் இசையை இசையமைப்பாளர் பேர் மெக்ரியரி உள்ளே கொண்டுவருகிறார்.