புரோக்னோஸ்டிக் மார்க்கர்: முன்கணிப்பா, நோய்ப்போக்கா?

> உணவுக்குழாய்ப் புற்றுநோய்க் கட்டுரையில் 'முன்கணிப்புக் குறிப்பான்' என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அடுத்த பத்தியிலேயே இடறும். 'பிரெடிக்டிவ் மார்க்கர்' வந்ததும் அதற்கும் முன்கணிப்பு என்றுதான் கை போகும். எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் நோய் எப்படிப் போகும் என்று சொல்வது புரோக்னோஸ்டிக். இந்த மருந்து இவருக்குப் பயன்படுமா என்று சொல்வது பிரெடிக்டிவ்.

ஹெர்-2 புரதத்தையே எடுங்கள். அது மிகுந்தால் ஆயுள் குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. ஹெர்-2-ஐத் தாக்கும் மருந்தான டிராஸ்டுசுமாப் கொடுக்கவோ அதைத்தான் பார்க்கிறோம். 2010-இல் வெளியான டோகா ஆய்வில், ஹெர்-2 மிகுந்த இரைப்பை, இரைப்பை-உணவுக்குழாய்ச் சந்திப் புற்று உள்ளோரின் இடைநிலை ஆயுள் கீமோ மட்டும் கொடுத்தபோது 11.1 மாதம், இம்மருந்தும் சேர்ந்தபோது 13.8. இதை 'முன்கணிப்பு' என்றால், ஹெர்-2 இருப்பதே ஆபத்து என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: நோய்ப்போக்குக் காட்டி, மருந்துப்பயன் காட்டி.

> நோய்ப்போக்குக் காட்டி

நோய்ப்போக்கு சரி. 'காட்டி' வினையெச்சமாகவும் படுகிறதே? குறிப்பான் ஏற்கெனவே புழங்கும் சொல்.

> குறிப்பான் ஏற்கெனவே புழங்கும் சொல்

'அவன் குறிப்பான்' என்பதும் வினைமுற்றுதானே ஐயா! நாட்காட்டி, திசைகாட்டியில் யாரும் இடறியதில்லை. பிரித்து எழுதியது என் பிழை. வழிகாட்டி போல ஒற்று மிகாமல் சேர்த்தால் போதும்: நோய்ப்போக்குகாட்டி, மருந்துப்பயன்காட்டி.

> ஹெர்-2 மிகுந்த

இந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். 'ஹெர்-2 நேர்மறை' என்றால் நல்ல செய்திபோல ஒலிக்கும். கூடவே அளவுகோலையும் தர வேண்டும். அறுத்தெடுத்த கட்டியில் 10 விழுக்காடு புற்றணுக்களாவது ஹெர்-2-ஐக் காட்டும் சாயத்தில் நிறமேற வேண்டும். பயாப்சித் துணுக்கில் 5 அணுக்கள் கொண்ட ஒரு கொத்து போதும். நிறத்தின் அழுத்தம் 3+ என்றால் மிகை, 2+ என்றால் ஹெர்-2 மரபணுவின் படிகளை எண்ணும் ஃபிஷ் சோதனை. மார்பகப் புற்றின் விதிப்படி அணுவைச் சுற்றி முழு வளையம் தேடினால் தவறிவிடும்; இங்கே பக்கமும் அடியும் மட்டும் நிறமேறி, மேல்விளிம்பு வெறுமையாக நிற்பது வழக்கம். திசு 10 விழுக்காடு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் ஊறியிருக்க வேண்டும். குறைந்தால் புரதம் சரியாக நிலைப்படாமல், இருப்பதும் இல்லை என்று காட்டும்.

நோயெதிர்ப்பை அடக்கும் பி.டி-எல்1 புரதத்துக்கான சி.பி.எஸ் (combined positive score) மதிப்பெண்ணை 'விழுக்காடு' என எழுதாதீர்கள். நிறமேறிய புற்றணுக்களோடு, நிறமேறிய நோயெதிர்ப்பு அணுக்களான லிம்போசைட்டுகளையும் மேக்ரோபேஜ்களையும் கூட்டி, உயிருள்ள புற்றணுக்களின் எண்ணிக்கையால் வகுத்து, 100-ஆல் பெருக்குகிறார்கள். வகுபடும் எண்ணில் மட்டும் நோயெதிர்ப்பு அணுக்கள் சேர்வதால் விடை 100-ஐத் தாண்டலாம். அப்போது 100 என்றே குறிப்பார்கள். 'கூட்டுப்புள்ளி' பொருந்தும். நுண்ணோக்கிக் கண்ணாடி வில்லையில் உயிருள்ள 100 புற்றணுக்கள்கூட இல்லையென்றால் புள்ளியே போடக் கூடாது.