1,10,000 கி.மீ. ஓடிய செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா, கை வைக்காமல் விடலாமா?

பொள்ளாச்சிக்காரன்

வணக்கம் நண்பர்களே. போன மாதம் ஒரு 2015 மாடல் டீசல் வண்டி எடுத்தேன். ஏழு சீட், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், சிவிடி, ஏஎம்டி என்கிற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் இல்லை, என்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டர் வகைதான். மீட்டரில் 1,10,000. முதல் ஓனர் 70,000 வரைக்கும் ஷோரூமிலேயே சர்வீஸ் விட்டிருக்கிறார், பில் எல்லாம் பத்திரமாகக் கொடுத்தார், என்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், வைப்பர் பிளேடு வரைக்கும் எழுதியிருக்கிறது, ஆனால் கியர்பாக்ஸ் ஆயில் என்ற வார்த்தை மட்டும் ஒரு பில்லிலும் இல்லை. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சர்வீஸ் அட்வைசர் "அது லைஃப் டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்" என்கிறார். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் "லட்சம் தாண்டின ஆட்டோமேட்டிக்ல பழைய ஆயிலை எடுத்தா பாக்ஸ் போயிடும் தம்பி" என்று பயமுறுத்துகிறார். இன்னொரு கடையில் மெஷின் வைத்து மொத்தமாக ஃப்ளஷ் செய்ய 18,000 கேட்கிறார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. காலையில் முதல்முறை ரிவர்ஸ் போடும்போது மட்டும் லேசாக ஒரு தட்டு தட்டும். மாமனார் வீடு வால்பாறை, மாதம் ஒருமுறையாவது ஆறு பேரோடு அந்த 40 கொண்டை ஊசியும் ஏற வேண்டும். என்ன செய்யலாம்?

சும்மா_ஓட்டு

ஓடுகிற வண்டியை எதற்கு நோண்டுகிறீர்கள்? என்னுடைய ஆட்டோமேட்டிக்கை 1,60,000 வரை கியர்பாக்ஸ் பக்கமே போகாமல் ஓட்டி நல்ல விலைக்கு விற்றேன். 18,000க்கு டயர் மாற்றுங்கள், மலைக்கு அதுதான் முக்கியம்.

கிரீஸ்கை

@சும்மா_ஓட்டு உங்களிடம் வாங்கியவர் என்ன சொல்கிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் ஜி :)

பொள்ளாச்சி தம்பி, லைஃப் டைம் என்றால் யாருடைய லைஃப் டைம் என்று முதலில் கேட்க வேண்டும். ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனி கியர்பாக்ஸ் செய்து கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது. அவர்களே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். அந்தப் பாக்ஸை வாங்கிப் பொருத்துகிற சில கார் கம்பெனிகளோ லைஃப் டைம் என்றே சொல்லி வந்தன. உங்கள் பாக்ஸ் வேறு கம்பெனியாக இருக்கலாம், ஆனாலும் ஆயில் எல்லாம் ஒரே மாதிரிதான் கெடும். எதிரி சூடுதான். மலை, முழு லோடு, நம்ம ஊர் வெயில் மூன்றும் சேர்ந்தால் கடினமான பயன்பாட்டுக் கணக்கில் வரும், மேனுவலில் அதற்குத் தனி அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னது. அது முழுப் பொய் இல்லை, ஆனால் காரணம் தலைகீழ். பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட் தேய்ந்து, பிடிக்காமல் வழுக்க, அதாவது ஸ்லிப் ஆக ஆரம்பித்த பிறகுதான் நிறைய பேர் பதறிப்போய் ஆயில் மாற்றக் கொண்டு வருகிறார்கள். தேய்ந்த தூள் பழைய ஆயிலில் மிதந்து கொஞ்சம் பிடிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கும், புது ஆயில் போட்டதும் அதுவும் போய்விடும். பழி ஆயில்மேல் விழும். உங்கள் வண்டியில் ஸ்லிப் இல்லையென்றால் அந்தப் பயம் வேண்டாம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான். டிப் ஸ்டிக் இருக்காது, அடியில் ஆயில் வடிக்கிற டிரெயின் பிளக்கில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், எடுத்த அளவைத் திரும்ப ஊற்ற வேண்டும். பெரும்பாலும் புது ஆயில் சிவப்பாக இருக்கும். பழுப்பாகியிருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான், தைரியமாக மாற்றலாம். கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது, அப்போது நன்றாக யோசிக்க வேண்டும். ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது, அதற்குமேல் வண்டியை ஓட்டவே கூடாது.

மெஷின் ஃப்ளஷ் வேண்டாம், சரித்திரமே தெரியாத பாக்ஸில் அழுத்தம் கொடுத்துக் கழுவினால் எங்கோ படிந்திருந்த அழுக்கு கியர் மாற்றுவதற்கு ஆயிலைத் திருப்பிவிடுகிற வால்வு பாடியில் போய் அடைக்கும். சாதாரணமாக டிரெயின் செய்து, அதாவது வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றினாலே போதும். ஒரு தடவையில் எல்லாம் வராது, டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். மொத்தம் 7 லிட்டர், வருவது 3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவையில் 43 சதவீதம் புது ஆயில், இரண்டாவதில் 67, மூன்றாவதில் 81. நடுவில் ஆயிரம் கி.மீ. ஓட்டுங்கள். முதல் தடவையே அடியில் இருக்கும் ஆயில் தட்டை, அதாவது பேனைக் கழற்றி ஃபில்டரை மாற்றிவிடுங்கள். பேனில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும், அது வழக்கம்தான். கண்ணுக்குத் தெரிகிற இரும்புச் சில்லு இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.

ஊற்றுகிற பிளக் கழலுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிரெயின் பிளக்கைத் தொட வேண்டும். எல்லா ஆயிலையும் வடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்து வராமல் டோ வண்டியில் போன கதை எனக்குத் தெரியும், யாருடையது என்று கேட்காதீர்கள். லெவல் பார்ப்பதும் குத்துமதிப்பு வேலை கிடையாது, ஆயில் சூடு 40 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும்போது என்ஜின் ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும், அந்தச் சூட்டை வண்டியின் கம்ப்யூட்டரில் படிக்கிற ஸ்கேனர் இல்லாத கடை என்றால் நகர்ந்துவிடுங்கள். மேனுவலில் எழுதியிருக்கும் ஆயில் மட்டும்தான். "எல்லா வண்டிக்கும் போடலாம் சார்" என்று டின்னைத் திறந்தால் விட வேண்டாம்.

காலைத் தட்டுக்கு: ஸ்டார்ட் செய்ததும் ஆர்பிஎம் கூட இருக்கும், அரை நிமிடம் பொறுத்து அது இறங்கியதும் ரிவர்ஸ் போடுங்கள். அப்படியும் தட்டினால் என்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டைப் பாருங்கள்.

தாராபுரம்_டீசல்

கிரீஸ்கை அண்ணன் சொன்ன கதை எனக்கே நடந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஆர்பிஎம் சும்மா எகிறும், வண்டி நகராது. ஆயில் மாற்றினால் சரியாகும் என்று மாற்றினேன், பதினைந்தே நாளில் பாக்ஸ் படுத்துவிட்டது. ஒரு வருடம் ஆயிலைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ரீபில்ட் செய்தவர், எடுத்து வைத்திருந்த பழைய கிளட்ச் பிளேட்டைக் காட்டினார், கரிக்கட்டை மாதிரி இருந்தது. பதினைந்து நாளில் அப்படி ஆகாது. என் செலவு 18,000க்குப் பக்கத்தில்கூட இல்லை, தொகையைச் சொன்னால் வீட்டில் தெரிந்துவிடும்.

ஐந்து_கியர்

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது மேனுவல், 90,000 ஆகிறது. இதெல்லாம் எனக்கும் உண்டா?

கிரீஸ்கை

மாற்றுங்கள், வேலையும் சுலபம், செலவும் குறைவு. வண்டிப் புத்தகத்தில் ஜிஎல்-4 தர ஆயில் கேட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்ற விடாதீர்கள். நம்பர் பெரியது என்பதால் உசத்தி என்று நினைத்து ஊற்றுகிறார்கள், அதில் இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் உரசாமல் விழ உதவுகிற சிங்க்ரோ ரிங்கின் பித்தளையை அரிக்கலாம்.

பொள்ளாச்சிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று பார்த்தாகிவிட்டது. கடுங்காப்பி நிறம், ஆனால் கருகல் வாடை இல்லை. பேனைக் கழற்றினோம், காந்தத்தில் குழம்பு மட்டும்தான், சில்லு இல்லை. ஃபில்டர் மாற்றி 3.2 லிட்டர் ஊற்றினோம், லெவலை ஸ்கேனர் வைத்தே பார்த்தார்கள். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 9,400. ரிவர்ஸ் தட்டு அப்படியே இருக்கிறது, பின்பக்க மவுண்ட் கிழிந்திருக்கிறதாம், ஆர்டர் போட்டிருக்கிறேன். அடுத்த தடவை ஆயில் வடித்து ஊற்றுவது வால்பாறை போய்வந்த பிறகு. மெக்கானிக் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.