யூரேட்டர் கல்லுக்கு டாம்சுலோசின்: எழுதலாமா, நிறுத்தலாமா?

கல்கணக்கு:
சி.டி.யில் யூரேட்டரில் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில்) கல் தெரிந்ததுமே, அது வெளியேற டாம்சுலோசின் 0.4 மி.கி. எழுதுவது கைப்பழக்கமாகிவிட்டது. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சஸ்பெண்ட் ஆய்வோடு இது நின்றிருக்க வேண்டும். பிரிட்டனில் 24 மருத்துவமனைகள், 1,167 பேர், 10 மி.மீ. வரையிலான கல். நான்கு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் டாம்சுலோசினில் 81%, நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தில் 80%, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையிலும் 80%. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடிக்குழாய்:
அந்த வெற்று மாத்திரை 80-ஐயே உற்றுப் பாருங்கள் சார். ஐந்தில் நாலு பேருக்குச் சும்மாவே வேலை முடிந்துவிட்டால், மருந்து காட்ட மிச்சம் என்ன இருக்கிறது? சேர்ந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் கல் 5 மி.மீ.க்குள்தான். இன்னொன்று: ‘வேறு சிகிச்சை தேவைப்படவில்லை’ என்றால் ‘கல் வெளியேறிவிட்டது’ என்று ஆகாது. வலி அடங்கியபிறகும் கல் அங்கேயே அடைத்துக்கொண்டிருக்கலாம்.

கல்கணக்கு:
சரி, சி.டி. எடுத்துப் பார்த்த ஆய்வுக்கே வருவோம். ஆஸ்திரேலியா, 2016, 403 பேர், கீழ் யூரேட்டர் கல், 28ஆம் நாள் ஸ்கேன். கல் போனது டாம்சுலோசினில் 87.0%-க்கு, வெற்று மாத்திரையில் 81.9%. புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை.

அடிக்குழாய்:
பாதியில் நிறுத்திவிட்டீர்களே! அதே ஆய்வில் 5 முதல் 10 மி.மீ. கல் உள்ளவர்களை மட்டும் எடுங்கள். மருந்து சாப்பிட்ட 36 பேரில் 30 பேருக்குக் கல் போனது. வெற்று மாத்திரையில் 41 பேரில் 25.

கல்கணக்கு:
மொத்தமே 77 பேர். உட்குழுக்களாகக் கிழித்துக்கொண்டே போனால் எங்காவது ஒன்று தேறத்தான் செய்யும். 2018-இல் அமெரிக்க ஸ்டோன் ஆய்வு, 512 பேர்: 49.6%-க்கு 47.3%.

அடிக்குழாய்:
ஸ்டோனில் கல்லின் சராசரி அளவு 3.8 மி.மீ. மறுபடியும் அதே பள்ளம்! உட்குழு சின்னது என்றால் சீன ஆய்வைப் பாருங்கள்: 30 மையங்கள், 3,296 பேர், கீழ் யூரேட்டரில் 4 முதல் 7 மி.மீ. மொத்தத்தில் 86%-க்கு 79%, 5 மி.மீ.க்கு மேற்பட்டதில் 87%-க்கு 75%. அப்படிப்பட்ட எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகக் கல் போகும். தசையை இறுக்கும் ஆல்ஃபா ஏற்பிகள் யூரேட்டரின் கீழ்ப் பகுதியில்தான் அதிகம். மருந்து அவற்றைத் தடுத்து அந்தத் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. 3 மி.மீ. கல்லுக்குத் தளர்த்தி என்ன ஆகப்போகிறது?

மருந்துச்சீட்டு:
நடுவில் வருகிறேன். யாருக்கு எழுதினாலும் சொல்லிக்கொடுப்பதில்தான் கோட்டை விடுகிறோம். கேப்ஸ்யூலை மெல்லவோ உடைக்கவோ கூடாது. மருந்து மெதுவாக இறங்கும்படி செய்தது. தினமும் ஒரே வேளை உணவுக்குப் பின். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் அளவு சட்டென ஏறி, எழுந்ததும் தலைசுற்றும். சில்டெனாஃபில் (விறைப்புக் குறைவுக்கான மாத்திரை) எடுப்பவரா என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரியும். ஆண்களிடம் விந்து பின்னோக்கிப் போகலாம் என்று முன்பே சொல்லாவிட்டால் பயந்துபோய் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். கண்புரை அறுவை நாள் குறித்திருந்தால் கண் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அறுவையின்போது கருவிழித்திரை துவண்டு தொல்லை தரும், கடைசி நேரத்தில் மாத்திரையை நிறுத்துவதால் அது தீராது.

‘தண்ணியா குடிங்க, கல் அடிச்சிக்கிட்டுப் போயிடும்’ என்பதையும் விட்டுவிடலாம். அடைப்பு இருக்கும்போது லிட்டர் லிட்டராக ஊற்றினால் கல் வேகமாக நகரும் என்பதற்குச் சான்று இல்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

கல்கணக்கு:
இதில் சண்டையில்லை. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அடைப்போடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் இந்த விவாதமே செல்லாது. உடனே ஆன்டிபயாடிக், ஸ்டென்ட் (யூரேட்டருக்குள் வைக்கும் மெல்லிய குழாய்) அல்லது முதுகு வழியே குழாய் வைத்துச் சிறுநீரை வடிக்க வேண்டும். கல்லை எடுப்பது பிறகு. ஒற்றைச் சிறுநீரகம், இருபுற அடைப்பு, ஏறும் கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ரத்த அளவு), மருந்துக்கு அடங்காத வலி, இவர்களையும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

கீழ் யூரேட்டர், 5-க்கு மேல், 10-க்குள் என்றால் எழுதுங்கள், தடுக்கவில்லை. ஐரோப்பிய வழிகாட்டியும் கீழ் யூரேட்டரில் 5 மி.மீ.க்கு மேல் என்றுதான் சொல்கிறது. ஆனால் 4 மி.மீ. கல்லுக்கும், சிறுநீரகத்துக்குள்ளேயே கிடக்கும் கல்லுக்கும் ஒரு மாதச் சீட்டு போகிறதே, அதற்கு என்ன பதில்?

அடிக்குழாய்:
அதற்குப் பதில் கிடையாது, அது தப்புதான். எழுதியவருக்கும் நாலு வாரத்தில் மறு ஸ்கேன் தேதி போடாமல் அனுப்புவது அதைவிடப் பெரிய தப்பு. வலி போனதும் ஆள் திரும்பி வரமாட்டார், கல் அடைத்தபடியே இருந்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.