கேச்: பதுக்கலா, கையிருப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் மடற்குழுவில், ரேமுக்கு (கணினி வேலை செய்யும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகம்) நேரணுகு நினைவகமா, தற்போக்கு அணுகு நினைவகமா என்ற சண்டை பத்து மடல்களாக ஓடுகிறது. அது ஓடட்டும். பாம்பனில் மாலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். எனக்கு அவசரமாக வேண்டியது கேச் மெமரிக்கு ஒரு சொல். செயலிக்கும் (பிராசசர்) ரேமுக்கும் நடுவில், அடிக்கடி வேண்டியதன் நகலை வைத்திருக்கும் சின்ன, வேகமான நினைவகம் அது.

‘பதுக்கு நினைவகம்’ என்று பலகையில் எழுதினேன். "டீச்சர், கஸ்டம்ஸ்காரங்க வருவாங்களா?" என்றான் ஒருவன். எங்கள் கரையில் பதுக்கல் என்றால் பீடி இலை மூட்டைதான். அன்றைய பாடம் அந்தச் சிரிப்போடு முடிந்தது.

சொல்லில் பிழையில்லை. ஆங்கிலச் சொல்லே ஒளித்துவைத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்ததுதான். நிரல் எழுதுபவர் ரேமில் இன்ன இடத்தில் இருப்பதைக் கொடு என்று கேட்கிறார். நடுவில் கேச் நிற்பது அவர் கண்ணில் படாது. ஆனால் ஆங்கிலத்திலும் அந்தச் சொல் லேசில் கிடைக்கவில்லை. 1965-இல் பிரிட்டிஷ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் இதை ‘அடிமை நினைவகம்’ என்றார். ஐபிஎம்மின் சிஸ்டம்/360 மாடல் 85 கணினி பற்றி 1968-இல் வந்த கட்டுரைக்குப் பொறியாளர்கள் முதலில் எழுதியது ‘அதிவேக இடையகம்’. வேறு நல்ல சொல் வேண்டும் என்று இதழாசிரியர் கேட்டதால்தான் கேச் உள்ளே வந்தது.

சரி, நம் கதைக்கு வருகிறேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அப்பாக்கள் கரையில்தான். ஒரு பிள்ளை தன் அப்பாவின் நோட்டைக் கொண்டுவந்தாள். அவர் விசைப்படகு டிரைவர். வலை மாட்டும் பார் (கடலடிப் பாறை) எங்கே, மீன் படும் இடம் எங்கே என்று பக்கம் பக்கமாக ஜிபிஎஸ் எண்கள். (கருவியிலேயே இருக்குமே என்றேன். அது மக்கர் பண்ணினால் என்றாராம்.) நோட்டு படகின் கேபினில் இருக்கும். அன்றைக்குப் போகிற திசைக்கு வேண்டிய நாலைந்து எண்களை மட்டும் சிகரெட் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

அட்டைதான் கேச், நோட்டு ரேம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய நோட்டுகள் வன்தட்டு. எஞ்சினில் அடித்துவந்த தகடு ரோம்; படிக்கலாம், திருத்த முடியாது. எடுக்க ஆகும் நேரத்தையும் சொன்னேன்: செயலிக்கு மிக அருகிலுள்ள கேச்சிலிருந்து எடுக்க ஏறக்குறைய 1 நானோநொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு), ரேமுக்கு 100, சுழலும் வன்தட்டுக்கு 1 கோடி. கோடி என்றதும்தான் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள்.

ஓரிடத்தில் உவமை படுத்துவிட்டது. மின்சாரம் போனால் ரேம் அழியும், நோட்டு அழியாது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) ஒரு குட்டி மின்தேக்கியில் நிற்கும் மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருக்கும். ஒழுகும் குடத்தை நிரப்புவதுபோல 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கேச்சில் ஒரு பிட்டுக்கு வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்கள் (நுண்ணிய மின்சுவிட்சுகள்). புதுப்பிக்கும் வேலையில்லை, வேகமும் உண்டு. ஆனால் இடத்தை அடைக்கும், விலையும் கூடும். அதனால்தான் அட்டை அளவுக்கு மேல் வைப்பதில்லை. கேச்சும் மின்சாரம் போனால் காலி.

என் பரிந்துரை: ‘கையிருப்பு நினைவகம்’, சுருக்கமாகக் ‘கையிருப்பு’. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். "கேட்டது கையிருப்பில் இருந்தது." "கையிருப்பில் இல்லை, ரேமுக்குப் போனது." "உலாவியின் கையிருப்பை அழி." எதுவும் நாக்கில் இடறவில்லை.

அன்புடன்,
பாம்பனிலிருந்து

*

சகோதரி, அட்டை உவமை அருமை. சொல்தான் உறுத்துகிறது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு என்று நாளிதழில் படிக்கிறோம், அது மலையளவு. தவிர, கையிருப்பு என்றால் சரக்கு அங்கேதான் இருக்கிறது என்று பொருள். கேச்சில் இருப்பதோ நகல். ‘மடி நினைவகம்’ எப்படி? மடியில் முடிந்துவைப்பது சின்னதாகத்தான் இருக்கும்.

— மதுரையிலிருந்து

*

ஐயா, மடியை நானும் நினைத்தேன். மடிக்கணினி வந்து குறுக்கே நிற்கிறது. அதன் நினைவகம் என்றே படிப்பார்கள். அதைவிட, எங்கள் ஊரில் மடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது வலை. இரட்டைமடி, சுருக்குமடி என்று தகராறுக்குப் பேர்போன வலைகளை ஆரம்பித்தால் வகுப்பில் அடிதடியே நடக்கும்.

நகல் என்ற பொருள் கையிருப்பில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கேச் என்ற சொல்லிலும் இல்லை. அதைப் பாடத்தில்தான் சொல்ல வேண்டும். அளவைப் பற்றிய கவலை எனக்கில்லை. "கையிருப்பு எவ்வளவு இருக்கு?" என்று இங்கே கேட்டால் சட்டைப்பையைத்தான் தடவுவார்கள்.

அப்புறம் இன்னொரு சிக்கல். கடலில் புதிதாக ஒரு பார் தட்டுப்பட்டு, அட்டையில் மட்டும் குறித்துவிட்டு, நோட்டில் ஏற்றுவதற்குள் அட்டை நனைந்துவிட்டால்? அந்தப் பிள்ளையேதான் கேட்டாள். கேச்சில் திருத்தி இன்னும் ரேமில் எழுதாததை ஆங்கிலத்தில் ‘அழுக்கு’ என்கிறார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை. "நோட்டுல ஏறாததுன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள். ‘ஏறாப் பதிவு’ என்று வைக்கலாமா? யாராவது சொல்லுங்கள், வியாழக்கிழமை வகுப்பு இருக்கிறது.