ஃபிளெக்சிபிலிட்டி: பழைய கார் எஞ்சினுக்கு எந்தச் சொல்?

அன்புடையீர்,

பழைய கார்களைப் பற்றிப் பேசினால் ஃபிளெக்சிபிலிட்டி என்ற சொல் வராமல் இருக்காது. டாப் கியரில் மெல்ல உருளும் வண்டி, த்ராட்டிலைத் திறந்ததும் கியர் மாற்றாமலே வேகமெடுக்கும் குணம். 1911-இல் ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கோஸ்ட் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு டாப்பிலேயே ஓடியது இதைக் காட்டத்தான். பற்சக்கரங்களின் சுற்றைத் தானே ஒத்துவரச் செய்யும் சிங்க்ரோமெஷ் வந்தது 1928-இல், காடிலாக்கில். அதுவரை கிளட்சை இருமுறை மிதித்து, சுற்று ஒத்துவந்த பிறகுதான் கியர் விழும். அவசரப்பட்டால் பல் அரைபடும். ஃபிளெக்சிபிலிட்டிக்குத் தமிழில் 'நெகிழ்ச்சி' சரிவருமா?
– செவ்வாய்ப்பேட்டை

> 'நெகிழ்ச்சி' சரிவருமா?

வேண்டாம் ஐயா. பட்டறையில் சொன்னால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் தொய்ந்துவிட்டதா என்பார்கள். 'தாழ்சுற்று இழுவை' என்று வைக்கலாம். ஃபோர்டு மாடல் டி-யில் 2.9 லிட்டர் எஞ்சின். 20 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 1,600 சுற்றில். முறுக்குவிசையின் உச்சமோ 900 சுற்றிலேயே வந்துவிடும். பின்அச்சில் கிரவுன் பற்சக்கரத்துக்கு 40 பல், அதைச் சுழற்றும் பினியனுக்கு 11. முப்பது அங்குல டயரில் 900 சுற்றுக்கு டாப்பில் மணிக்குச் சுமார் 35 கி.மீ., லோ கியரில் 13. சேலம் ஊருக்குள் கியரைத் தொட விரும்பாதவருக்கு இது தாராளம்.
– கோரிமேடு

> தாழ்சுற்று இழுவை

பாதிதான் சொல்கிறது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதே வண்டியை ஏற்றிப் பாருங்கள். முன்னே போக இரண்டே கியர். லோவின் விகிதம் டாப்பைப் போல 2.75 மடங்கு. லோவில் 1,600 வரை ஏற்றி டாப்புக்கு விட்டால் சுற்று 580-க்கு விழும். ஸ்டியரிங்கின் இடப்பக்க நெம்புகோலை மேலே தள்ளி ஸ்பார்க் விழுவதைத் தாமதிக்காவிட்டால் எஞ்சின் டொக்கு டொக்கென்று தட்டும். திரும்ப இடது பெடலை மிதித்து லோவுக்குத்தான் வரவேண்டும், மிதித்த காலை எடுக்கவும் கூடாது. அரைகுறையாக மிதித்தால் லோ கியரை இறுக்கிப் பிடிக்கும் பட்டை (லோ பேண்ட்) வழுக்கித் தேயும். அதிலிருந்து உதிரும் பஞ்சு எண்ணெய்க் குழாயை அடைக்கும்.

10 பல் பினியன் போட்டால் பின்அச்சு விகிதம் 4 ஆகும், இழுவை பத்து சதவீதம் கூடும். மலைக்கே ஓட்டுபவர் போடட்டும். உளுந்தூர்பேட்டை சாலையில் நாள்முழுக்க ஓட்டுபவருக்கு எஞ்சின் வீணாகக் கத்துவதுதான் மிச்சம்.

ஆகவே எஞ்சின் எந்தச் சுற்றிலிருந்து எந்தச் சுற்றுவரை சளைக்காமல் இழுக்கிறது என்பதே கணக்கு. 'இழுவை வீச்சு' என்பேன். தொடக்கம், முடிவு என இரண்டு எண் போட்டு அளவாகவும் எழுதலாம்.
– அஸ்தம்பட்டி

'இழுவை வீச்சு' எனக்குச் சம்மதம். 'தாழ்சுற்று இழுவை' அதன் கீழ்ப்பகுதிக்கு மட்டும் இருக்கட்டும். தாழ்ந்த சுற்றில் எஞ்சின் சுமை தாங்காமல் தடுமாறும் லக்கிங்கிற்கு 'திணறல்', "வண்டி திணறுது" என்று எல்லோரும் சொல்வதுதானே. பின்அச்சு விகிதத்துக்கு யாரோ 'கடை விகிதம்' என்று எழுதியிருந்தார்கள், மளிகைக் கணக்கு மாதிரி இருக்கிறது. 'அச்சு விகிதம்' போதும். கோரிமேட்டிலிருந்து மறுப்பு வராவிட்டால் நான்கையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.
– செவ்வாய்ப்பேட்டை