கேம் ரேண்டமோடு மல்லுக்கட்டிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

நண்பர்களோடு ஆட ஒரு தாயக்கட்டை ஆப் எழுதினேன். இரண்டு கட்டை, பக்கங்களில் 0, 1, 2, 3. தாயம் என்றால் ஒன்றில் 1, இன்னொன்றில் 0, அதாவது எட்டுக்கு ஒன்று. தற்செயலாக ஓர் எண்ணைத் தரும் ரேண்டம் ஃபங்ஷனை அப்படியே கூப்பிட்டேன், கணக்கில் குறையே இல்லை. ஆனால் இந்தக் கணக்கிலேயே பத்துத் தடவை உருட்டியும் தாயம் விழாமல் போக 26 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது, நாலு பேர் ஆடினால் பெரும்பாலும் ஒருவராவது காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பார், அவர் குரூப்பில் "கட்டை ஃப்ராடு" என்று எழுதுவார். பித்தளைக் கட்டை அப்படி விழுந்தால் தன் ராசியைத் திட்டுவார்கள், ஃபோன் என்றால் எழுதியவனைத்தான்.

அப்புறம் டோட்டா 2 என்ற ஆன்லைன் சண்டை கேமின் முறைக்கு மாறினேன். அதில் ஒரு சிறப்பு அடி விழ 25 சதவீதம் வாய்ப்பு என்றால் முதல் அடிக்கு 8.5தான், விழாவிட்டால் 17, அடுத்து 25.5 என ஏறும், விழுந்ததும் மறுபடி 8.5. தாயத்துக்கும் அதே மாதிரி, எட்டுக்கு ஒன்றுக்கு ஏற்ற எண்ணோடு வைத்தேன். சராசரி மாறவில்லை, மிக நீண்ட வறட்சி மட்டும் போனது. இப்போது "கட்டை நேர்மையா விழுது" என்கிறார்கள்!

———

எனக்கு நேர் எதிர் அனுபவம். போக்கிமான் எமரால்ட் கேமில் ஷைனி, அதாவது வேறு நிறத்தில் வரும் அரிய போக்கிமான், 8192க்கு ஒன்று. அதற்கு முந்தைய ரூபி, சஃபயர் கேம்களில் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் கடிகாரத்திலிருந்து சீட், அதாவது ரேண்டம் வரிசை தொடங்கும் எண், எடுக்கும். எமரால்டில் அது விட்டுப்போய், எப்போது ஆன் செய்தாலும் சீட் பூஜ்ஜியம். அங்கிருந்து நொடிக்குச் சுமார் 60 எண் நகரும், வரிசை மாறவே மாறாது. ட்ரெய்னர் ஐடியை (கேம் நமக்குத் தரும் எண்) கொடுத்து எந்த ஃப்ரேமில் (நொடியில் அறுபதில் ஒரு பங்கு) ஷைனி என்று டூலில் பார்த்து, ஸ்டாப்வாட்சோடு ஏ பட்டனை அழுத்த வேண்டியதுதான், ஒரு ஃப்ரேம் தப்பினால் நான் தேடிய ரால்ட்ஸ் போக்கிமான் சாதாரண நிறத்தில்தான் வரும். விரல் பழகியதும் ஷைனி மேல் இருந்த ஆசையே போய்விட்டது.

———

நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். கேம் எழுதுபவர்கள் தயவுசெய்து சீட் எண்ணை லாக்கில் (கேம் தன் ஓட்டத்தைக் குறித்துவைக்கும் பதிவு) எழுதுங்கள். டஞ்சன் (பாதாள அறைகள்) வரைபடத்தைத் தானே உருவாக்கும் ஒரு கேம் என்னைக் கதவே இல்லாத அறையில் இறக்கிவிட்டது, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் டெவலப்பர் "என் மெஷின்ல வரலையே" என்கிறார், ஒவ்வொரு தடவையும் வேறு வரைபடம், எப்படி வரும்? சீட்டைத் திரை மூலையில் காட்டவைத்த பிறகுதான் அதே அறை அவருக்கும் வந்தது. இன்னொன்று, வரைபடத்துக்கும் சண்டைக்கும் தனித்தனி ரேண்டம் எண் ஜெனரேட்டர் வையுங்கள். ஒன்றையே இரண்டுக்கும் வைத்தால், ஓர் எலியைக் கூடுதலாக ஒரு அடி அடித்தாலும் அடுத்த தளமே வேறாகிவிடும், சீட் கையில் இருந்தும் பயனில்லை.